வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை என்ன செய்வீர்கள்? பேராசிரியர் மார்ட்டின் ஹேபர்மன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டின் ஹேபர்மன் யார்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் பணியாற்றிய கல்வியியல் பேராசிரியர். நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர், 2012-இல் காலமானார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த நகர்ப்புறப் பள்ளிகளுக்கு யாரை ஆசிரியராக அனுப்புவது, அவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது என்ற கேள்வியைத் தம் பணிக்காலம் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கல்வியுலகில் அவர் பெயர் இரண்டு விஷயங்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒன்று, 'வறுமையின் கற்பித்தல் முறை' என்று அவர் பெயரிட்ட வகுப்பறை நோய். மற்றொன்று, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அவர் உருவாக்கிய நேர்காணல். ஆசிரியர் கல்வித் துறையில் இருந்துகொண்டே, ஆசிரியர் கல்லூரிகளால் இந்தப் பள்ளிகளுக்கு வேண்டியவர்களை உருவாக்க முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் என்பதால், சக பேராசிரியர்களில் பலருக்கு அவர் உவப்பானவராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் 'வறுமை மிகுந்த பள்ளி' என்று எதைச் சொல்கிறார்கள்?

அதற்குச் சோற்றுக் கணக்குதான் அளவுகோல். 1946-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின் வழிவந்த திட்டத்தில், குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் பிள்ளைக்கு இலவச உணவு. 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த விலையில் உணவு. இவ்விரு சலுகைகளுக்கும் தகுதி பெற்ற மாணவர்கள் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் பள்ளியை, அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவரங்கள் வறுமை மிகுந்த பள்ளி என வகைப்படுத்துகின்றன. இத்தகைய பள்ளிகளுக்கு நடுவண் அரசு தரும் கூடுதல் நிதி 1965-ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்திலிருந்து வருகிறது.

அவருடைய பணிக்கு மில்வாக்கி ஏன் களமாயிற்று?

மில்வாக்கி ஒரு தொழிற்சாலை நகரம். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நகரின் வடபகுதிக்குள் அடைபட்டு வாழ்ந்தார்கள்; தென்பகுதியில் போலந்து வழிவந்த வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. 1967-68-இல் வீட்டு வாடகைப் பாகுபாட்டுக்கு எதிராக, பாதிரியார் ஜேம்ஸ் குரோப்பியோடு இளைஞர்கள் 200 இரவுகள் தொடர்ந்து ஊர்வலம் போனார்கள். அவர்கள் கடந்து சென்ற 16-ஆம் தெரு மேம்பாலத்தை, ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைக்கும் உலகின் மிக நீளமான பாலம் என்று ஊரார் கசப்போடு கேலி பேசுவதுண்டு. குடியிருப்பு பிரிந்திருந்த இடத்தில் பள்ளியும் பிரிந்தே இருந்தது. வழக்கறிஞர் லாய்ட் பார்பி 1965-இல் தொடுத்த வழக்கில், நகரப் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பாக இனவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்ற தீர்ப்பு 1976-இல்தான் வந்தது. அதற்குள் ஆலைகள் மூடப்படத் தொடங்கிவிட்டன.

பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே இப்படியொரு நகரம் இருந்தும், அதன் ஆசிரியர் கல்வித் துறையில் பயின்றவர்களில் பெரும்பாலோர் புறநகர்ப் பள்ளியில் வேலை பார்க்கவே விரும்பினார்கள். வேறு வழியின்றி நகரப் பள்ளிக்கு வந்தவர்களும் சில ஆண்டுகளில் கிளம்பிவிட்டார்கள். ஹேபர்மன் இந்த விலகலைத்தான் கணக்கில் எடுத்தார். ஆசிரியர் பற்றாக்குறை என்பது போதிய பேரைப் பயிற்றுவிக்காததால் வருவதன்று, வந்தவர்கள் நிற்காததால் வருவது என்று அவர் வாதிட்டார். பின்னாளில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் இங்கர்சால் நாடு தழுவிய தரவுகளைக் கொண்டு 2001-இல் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார்.

தேசிய ஆசிரியப் படைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1960-களின் தொடக்கத்தில், கலை, அறிவியல் பட்டம் பெற்றவர்களை நேராக நகரப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்களாக அமர்த்தி, வேலை பார்த்துக்கொண்டே தொழிலைக் கற்க வைக்கும் திட்டமொன்றை அவர் மில்வாக்கியில் நடத்தினார். ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் நடுவண் அரசுத் திட்டமான தேசிய ஆசிரியப் படை, 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் வழியே உருவானபோது இந்தத் திட்டமும் அதற்கு முன்மாதிரியாக இருந்தது. அந்தப் படைக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாதாடியவர்கள் விஸ்கான்சின் செனட்டர் கேலார்ட் நெல்சனும் மாசசூசெட்ஸின் எட்வர்டு கென்னடியும். 1980-களின் தொடக்கத்தில், ரீகன் ஆட்சியின் நிதி மறுசீரமைப்பில், படை கலைந்தது. ஹேபர்மனுக்கு அதிலிருந்து மிஞ்சியது ஒரு பாடம்: ஒரே பள்ளியில், ஒரே ஆண்டில், ஒரே பயிற்சியோடு நுழைந்த இருவரில் ஒருவர் வேரூன்றுகிறார், மற்றவர் நொறுங்கிப்போகிறார். பயிற்சி ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரைப் பிறகு விடவே இல்லை.

'வறுமையின் கற்பித்தல் முறை' என்றால் என்ன?

1991-இல் 'ஃபை டெல்டா காப்பன்' என்னும் கல்வி இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் முன்வைத்த கருத்து இது. என் மதிப்பீட்டில் அவருடைய ஆகச் சிறந்த பங்களிப்பும் இதுவே. நேர்காணலுக்குக் கிடைத்த புகழ் இதற்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

நகரப் பள்ளி வகுப்பறைக்குள் எந்நேரம் எட்டிப்பார்த்தாலும் ஆசிரியர் 14 வேலைகளில் ஏதோ ஒன்றைத்தான் செய்துகொண்டிருப்பார் என்று அவர் பட்டியலிட்டார். செய்தி சொல்வது, கேள்வி கேட்பது, இதைச் செய் அதைச் செய் என்பது, வேலை கொடுப்பது, இருந்த இடத்திலிருந்து எழுதுகிறார்களா என்று கண்காணிப்பது, எழுதியதைச் சரிபார்ப்பது, தேர்வு வைப்பது, தேர்வைத் திருப்பிப் பார்ப்பது, வீட்டுப்பாடம் கொடுப்பது, அதைச் சரிபார்ப்பது, சண்டையை விலக்குவது, சொல் கேளாதவரைத் தண்டிப்பது, தாள் திருத்துவது, மதிப்பெண் போடுவது. இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் தவறானதன்று. எந்த நல்லாசிரியரும் இவற்றைச் செய்யாமல் ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. ஆனால் இவை மட்டுமே கற்பித்தல் என்றாகிவிடும்போது, அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்கு இதுவே போதும், இதுதான் ஏற்றது என்று எல்லோரும் நம்பத் தொடங்கும்போது, கற்பித்தலின் இடத்தைக் கட்டுப்படுத்தல் பிடித்துக்கொள்கிறது. வகுப்பு அமைதியாக இருக்கும், பதிவேடு நிறைந்திருக்கும், பிள்ளைகள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

இந்த முறை யாருக்கெல்லாம் பிடித்துப்போகிறது என்றும் அவர் எழுதினார். தாமே பள்ளியில் சரியாகப் படிக்காதவர்கள், ஆய்வை விடத் தம் பொதுப் புத்தியை நம்புகிறவர்கள், ஏழைகளையும் சிறுபான்மையினரையும் கண்டு அஞ்சுகிறவர்கள், அந்தப் பிள்ளைகளிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதவர்கள் ஆகியோர் அந்த வரிசையில் வருகிறார்கள். நாசூக்காகச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை.

பிள்ளைகளே இந்த முறையைக் காப்பாற்றுகிறார்கள் என்று அவர் சொன்னது உண்மையா?

ஆம், கட்டுரையின் கூர்மையான பகுதி அதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஆசிரியர் ஆள்கிறார், மாணவர்கள் அடங்குகிறார்கள். அவர் பார்வையில் நிலைமை தலைகீழானது. பிள்ளைகள் அடங்கியிருப்பதையே கூலியாகக் கொடுத்து ஆசிரியரை நடத்துகிறார்கள். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுதுவார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புவார்கள். புதிதாக வந்த ஓர் ஆசிரியர், 'இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், ஏன்?' என்று கேட்டு, விடை தெரியாத ஒரு சிக்கலை மேசைமீது வைத்தால், வகுப்பு கலைகிறது, சத்தம் கூடுகிறது, சிலர் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். தோற்றுப்போகும் ஆபத்து உள்ள வேலையை விட, பொருளற்றதானாலும் பாதுகாப்பான வேலை அவர்களுக்கு மேல். இரண்டு வாரத்தில் அந்த ஆசிரியரும் கோடிட்ட இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். நல்ல மனமும் புதுக் கருத்தும் கொண்டு வந்தவர்கள் ஏன் அவ்வளவு விரைவில் மற்றவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அப்படியானால் நல்ல கற்பித்தல் எது என்றார்?

அதே கட்டுரையில் அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டாம், பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதே அதன் சாரம். தமக்கு முக்கியமானதொரு சிக்கலில் ஈடுபட்டிருக்கிறார்களா, தாம் செய்யப்போவதைத் தாமே திட்டமிடுகிறார்களா, நியாயம் போன்ற பெரிய கருத்துகளைத் தம் உலகில் பொருத்திப் பார்க்கிறார்களா, ஒருமுறை எழுதியதைத் திருத்தி மெருகேற்றித் திரும்ப எழுதுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

'நட்சத்திர ஆசிரியர்' என்பவர் யார்?

தலைமையாசிரியர், சக ஆசிரியர், பெற்றோர், மாணவர், ஆசிரியரே ஆகிய எல்லோரும் ஒரு குரலாகச் சிறந்தவர் என்று சொல்லும், ஏழைப் பிள்ளைகளை நன்றாகக் கற்க வைக்கும் ஆசிரியரை அவர் இப்படி அழைத்தார். பெருநகரப் பள்ளிகளில் இவர்கள் சுமார் 8 விழுக்காடு என்பது அவருடைய மதிப்பீடு. அந்த எண்ணை அவருடைய அனுபவக் கணிப்பாகவே கொள்ள வேண்டும். இவர்களோடும், வேலையை விட்டு ஓடியவர்களோடும் நெடுங்காலம் பேசி, இரு தரப்பினரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை அவர் தொகுத்தார். 1995-இல் வெளியான 'ஸ்டார் டீச்சர்ஸ் ஆஃப் சில்ட்ரன் இன் பாவர்ட்டி' என்னும் நூலில் அது விரிவாக உள்ளது.

நட்சத்திர ஆசிரியர்கள் தண்டனை முறைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெற்றோரைக் குறை சொல்வதில்லை. வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளை தானே செய்து முடிக்கக்கூடியதை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால், விலகிப் போனவர்கள் குடும்பம், தெரு, போதைப்பொருள் என்று அடுக்குவார்கள். நட்சத்திர ஆசிரியர்கள் அவற்றை மறுக்காமலே பள்ளி செய்யும் தவறுகளுக்கு வந்துசேர்வார்கள். பள்ளி மட்டும்தான் தம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த நேர்காணல் எப்படி நடக்கும்?

ஏழு தன்மைகளைச் சோதிக்கும் கேள்விகள் அதில் உண்டு. முதலாவது விடாமுயற்சி. கேள்வி சாதாரணமாகத்தான் தொடங்கும்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை, என்ன செய்வீர்கள்?

அவனோடு தனியாகப் பேசுவேன் என்கிறார் வந்தவர். நல்லது, சில நாள் செய்து வந்தான், மறுபடி நிறுத்திவிட்டான், இப்போது? பெற்றோரை அழைத்துப் பேசுவேன். பேசினீர்கள், ஒரு வாரம் பலன் இருந்தது, மறுபடி பழைய கதை, அடுத்து? இந்த இடத்தில்தான் ஆள் வெளிப்படத் தொடங்குகிறார். சிலர் தலைமையாசிரியரிடம் அனுப்புவேன் என்பார்கள். சிலர் சிறப்புக் கல்விப் பிரிவுக்குப் பரிந்துரைப்பேன் என்பார்கள். நேர்காண்பவர் முகத்தில் மாற்றம் காட்டாமல், அதுவும் பயன்படவில்லை, இப்போது என்பார். சரக்கு தீர்ந்தவருக்கு எரிச்சல் வரும். 'இதற்கு மேல் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?' என்பார். நட்சத்திர ஆசிரியருக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாகப் படாது, ஏனென்றால் அவருடைய அன்றாடமே அதுதான். அவர் சொல்லிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில், நான் கொடுத்த பாடமே செய்யத் தக்கதாக இல்லையோ என்று தம் பக்கம் திரும்புவார். மதிப்பெண் யோசனையின் தரத்துக்கு மட்டுமன்று, யோசிப்பதை நிறுத்தாததற்கும்தான்.

மற்றக் கேள்விகளில் இரண்டைச் சொல்லலாம். வகுப்பு மிகவும் விரும்பி ஈடுபட்டுள்ள, நன்றாகக் கற்றுவரும் ஒரு வேலையைத் தலைமையாசிரியர் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. உடனே பணிந்துவிடுகிறவரும் தேறுவதில்லை, மோதி உடைத்துக்கொள்கிறவரும் தேறுவதில்லை. பிள்ளைகளின் கற்றலைக் காப்பாற்றும் வழியைப் பொறுமையாகத் தேடுகிறவரே தேறுகிறார். மற்றொன்று, நீங்கள் தவறு செய்வதுண்டா, செய்தால் என்ன செய்வீர்கள்? எழுத்துப் பிழை, கூட்டல் பிழை என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு பிள்ளையைத் தவறாகக் குற்றம் சாட்டிவிட்டேன், வகுப்பின் முன்னே குற்றம் சாட்டியதால் வகுப்பின் முன்னேயே மன்னிப்புக் கேட்டேன் என்ற வகையில் பேசுகிறவர்கள் உண்டு. தன் தவற்றைப் பொறுக்க முடியாதவர் பிள்ளையின் தவற்றைப் பொறுக்க மாட்டார் என்பது ஹேபர்மனின் கணக்கு.

பிள்ளைகள்மீது அன்பு இருந்தால் போதாதா?

போதாது என்றார். அன்பே அடிப்படை என்று வருகிறவர்கள், பதிலுக்கு அன்பை எதிர்பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடைந்துபோகிறார்கள். நட்சத்திர ஆசிரியர்கள் மரியாதை, அக்கறை என்ற சொற்களில் பேசுவார்கள். தமக்குப் பிடிக்காத பிள்ளைக்கும், தம்மைப் பிடிக்காத பிள்ளைக்கும் கற்பிக்க முடியும், கற்பிக்க வேண்டும் என்பதை அவர்கள் இயல்பாக எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சியே தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடா?

அப்படிச் சொல்வது அவரைச் சுருக்கிவிடும். தேர்வு முந்தியது, பயிற்சி பிந்தியது என்பதே அவர் நிலைப்பாடு. ஒருவருடைய மனப்பாங்கை ஓராண்டுப் பாடத்தால் மாற்ற முடியாது. ஆனால் ஏற்ற மனப்பாங்குடன் வருகிறவருக்கு, வகுப்பறையிலேயே, அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தால் தொழில் வந்துவிடும் என்று நம்பினார். 1990-களில் மில்வாக்கிப் பள்ளி நிர்வாகம், ஆசிரியர் சங்கம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் இதைச் செய்துகாட்டினார். அங்கே வழிகாட்டிகளாக இருந்தவர்கள், வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட நகரப் பள்ளி ஆசிரியர்கள். வந்து சேர்ந்தவர்களில் பலர் முப்பதைக் கடந்தவர்கள், அதே நகரத்துக்காரர்கள், பள்ளியிலேயே வகுப்பு உதவியாளராக வேலை பார்த்தவர்கள்.

'டீச் ஃபார் அமெரிக்கா'வும் இதைத்தானே செய்தது?

வாசல் ஒன்று, உள்ளே வீடு வேறு. வெண்டி காப் 1989-இல் பிரின்ஸ்டனில் எழுதிய இளங்கலை ஆய்வேட்டிலிருந்து பிறந்த, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பட்டதாரிகளை ஆசிரியராக அனுப்பும் அந்த அமைப்பும் கல்வியியல் கல்லூரிகளைச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் அது தேடியது பெயர்பெற்ற கல்லூரிகளின் புதுப் பட்டதாரிகளை. கேட்டது இரண்டாண்டுப் பணியை. ஹேபர்மனோ, வாழ்க்கையில் அடிபட்டு முதிர்ந்தவர்கள், அந்த ஊரிலேயே தொடர்ந்து இருக்கப்போகிறவர்கள் வேண்டும் என்றார். மிகவும் கெட்டிக்காரர்கள் என்ற அடையாளத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

லிண்டா டார்லிங்-ஹேமண்ட் போன்றவர்கள் அவரோடு எங்கே மாறுபடுகிறார்கள்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டார்லிங்-ஹேமண்டின் வாதம் எதிர்முனையிலிருந்து தொடங்குகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கே பயிற்சி குறைந்த ஆசிரியர்கள் போய்ச் சேர்கிறார்கள்; எனவே ஆழமான, நீண்ட பயிற்சியும் அதற்கான அரசுப் பணமும் வேண்டும் என்பது அவர் நிலை. அவர் வழிநடத்திய, கற்பித்தல் குறித்த தேசிய ஆணையத்தின் 1996-ஆம் ஆண்டு அறிக்கை இதையே வலியுறுத்தியது. இருவரும் முட்டிக்கொள்வதாகத் தோன்றினாலும், பாஸ்டன், சிகாகோ, டென்வர் நகரங்களில் 2000-களின் தொடக்கத்தில் உருவான 'உறைவிடப் பயிற்சி' ஆசிரியர் திட்டங்கள், மருத்துவர்கள் மருத்துவமனையில் பயில்வதைப் போல ஆசிரியரை ஓராண்டு தேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் வைத்துப் பயிற்றுவித்தபோது, கவனமான தேர்வும் நீண்ட பயிற்சியும் ஒரே இடத்தில் சந்தித்தன.

மில்வாக்கியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள மேடிசனில் பணியாற்றிய குளோரியா லாட்சன்-பில்லிங்ஸையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெற்றிகரமாகக் கற்பித்த எட்டு ஆசிரியர்களைப் பற்றிய அவரது நூல் 1994-இல் வந்தது. அவரும் சிறந்தவர்களைத் தேடிப் போய்த்தான் கேட்டார். ஆனால் அவர் கண்ணுக்குப் பட்டது, பிள்ளைகளின் பண்பாட்டோடு ஒட்டிக் கற்பிப்பது. ஹேபர்மன் கண்ணுக்குப் பட்டது ஆசிரியரின் மனப்பாங்கு.

நேர்காணல் உண்மையிலேயே நல்லாசிரியரைக் கண்டுபிடிக்கிறதா?

அவரும் அவர் பெயரிலான அறக்கட்டளையும் கோரிய அளவுக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். நியூயார்க் நகரின் புதிய கணித ஆசிரியர்களை வைத்து ஜோனா ராக்காஃப் உள்ளிட்ட பொருளியலாளர்கள் செய்து 2011-இல் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஹேபர்மனின் எழுத்துவழி முன்தேர்வு வினாத்தாளும் இடம்பெற்றது. தனித்தனியே எடுத்தால் பெரும்பாலான அளவீடுகள் அதிகம் சொல்லவில்லை. பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது மாணவர் முன்னேற்றத்தோடு மிதமான தொடர்பு தெரிந்தது. நேரில் நடக்கும் நேர்காணலை அந்த ஆய்வு அளக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆயினும், கணினியில் விடை தெரிவு செய்யும் வினாத்தாளாக ஆக்கி மாவட்டங்களுக்கு விற்கும்போது, 'அடுத்து?' என்று அசையாமல் கேட்கும் மனிதர் அதில் இல்லாமல் போகிறார்.

அவருடைய பார்வையின் பெரிய குறை எது?

எல்லாம் ஆசிரியர் ஒருவரின் தோளில் போய் விழுகிறது. நூற்றுக்கு எட்டுப் பேர்தான் தேறுவார்கள் என்றால், மில்வாக்கி போன்ற ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளை யாரைக் கொண்டு நிரப்புவது? வகுப்பு அளவு, சம்பளம், கட்டடம் போன்றவை சரியாக இருந்து, ஆண்டுக்கொரு தலைமையாசிரியர் மாறாமலும் இருந்தால் நடுத்தர ஆசிரியரும் நன்றாகக் கற்பிக்க முடியும் அல்லவா? நிர்வாகம் நல்ல ஆசிரியரையும் எரித்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். நேர்காணலில் வரும் சோர்வு பற்றிய கேள்வியில், 'நல்லவர்கள் சோர்வதில்லை' என்று சொல்பவருக்கு அவர் மதிப்பெண் தரவில்லை. இவ்வளவும் தெரிந்தவர், எரிக்கும் அமைப்பை மாற்றுவதைவிட எரியாத ஆளைத் தேடுவதிலேயே கூடுதல் காலத்தைச் செலவிட்டார்.

கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தேறிவிட முடியாதா?

ஓரளவு முடியும். இரண்டு, மூன்று 'அடுத்து?' வரை தயாரித்த பதில் தாங்கும். நேர்காண்பவர் பயிற்சி பெற்றவராக இருந்தால் நான்காவது, ஐந்தாவதில் கைச்சரக்கு தீர்ந்துவிடும். இந்த ஆபத்தை அறிந்தே, நேர்காணலோடு நிறுத்தக் கூடாது, வந்தவரை ஏழைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் கொஞ்ச நாள் வேலை பார்க்க வைத்துக் கவனிக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். கோடைப்பள்ளி அதற்கு வசதியானது: ஆறேழு வாரம், சின்ன வகுப்பு, உண்மையிலேயே வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள்.